'மொத்தம் எவ்வளவு ஆகும்?' என்று கேட்டால் குற்றமா?

கேரளத்தில் தனியார் மருத்துவமனைகள் ஒரு பலகை வைக்க மறுத்து நீதிமன்றப் படி ஏறின. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கட்டணம் என்பதை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்கிறது அந்த மாநிலத்தின் 2018ஆம் ஆண்டுச் சட்டம். ஆளுக்கு ஆள் செலவு மாறும், முன்கூட்டியே எப்படிச் சொல்வது என்பது மருத்துவமனைகளின் வாதம். 2025 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்த மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. சட்டம் செல்லும், கட்டணத்தை வெளியே வையுங்கள் என்றது.

செய்தி நம் ஊர் டீக்கடைகளில் பெரிதாகப் பேசப்படவில்லை. பேசப்பட்டிருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி, கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முந்தைய விழுப்புரம் மாவட்ட மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 29 சதவீதத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத கூலிகள். அந்த வீடுகளில் நோய் நுழைந்தால் பின்னாலேயே கடனும் நுழைகிறது. கடன் எவ்வளவு என்பது மட்டும் கடைசி நாள் வரை தெரிவதில்லை.

பெரிய அறுவை சிகிச்சைகளைப் பற்றி இங்கே நாம் பேசப் போவதில்லை. அதற்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அட்டையைக் காட்டினால் படுக்கை கிடைக்கிறது, குறைகள் இருந்தாலும் பலர் அதனால் பிழைத்திருக்கிறார்கள். நாம் பேச வந்தது அந்த அட்டை பெரும்பாலும் எட்டாத இடத்தைப் பற்றி. படுக்கையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு தொடங்கும் சிகிச்சை அது. பக்கவாதம் வந்து கை கால் விழுந்தவருக்கு பிசியோதெரபி. மூன்று வயதாகியும் பேச்சு வராத குழந்தைக்கு ஸ்பீச் தெரபி. குடியை விட முடியாதவருக்கு மீட்பு மையம். மனம் உடைந்து கிடக்கும் மருமகளுக்கு கவுன்சலிங். இவையெல்லாம் பெரும்பாலும் கைக்காசில் நடப்பவை. ஒரே நாளில் முடிபவையும் அல்ல. ஒரு சிட்டிங், இன்னொரு சிட்டிங் என்று மாதக்கணக்கில் நீள்பவை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிட்டிங்குக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கேட்டால் பெரிய தொகையாகத் தெரியாது. வாரத்துக்கு மூன்று முறை, மூன்று மாதம் வர வேண்டும் என்றால் 36 சிட்டிங், 18,000 ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். அந்தக் கூலியில் 18,000 ரூபாய் என்பது 53 நாள் உழைப்புக்கும் மேல். கால் விழுந்தவரை பஸ்ஸில் ஏற்ற முடியாது, ஆட்டோ வைக்க வேண்டும். கூட ஒருவர் போக வேண்டும், அவருடைய கூலியும் அன்றைக்குப் போகும். இவ்வளவையும் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தக் குடும்பம் என்ன செய்திருக்கும்? முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் முடியுமா என்று கேட்டிருக்கும். வாரம் ஒரு முறை வந்து பழகிக்கொண்டு மீதியை வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்டிருக்கும். எதை அடகு வைப்பது, எதை வைக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கும்.

நடப்பது வேறு. முதல் நாள் 500 கொடுக்கிறார்கள். இரண்டாம் நாள் 'மெஷின் வைக்கணும், அது தனி' என்கிறார்கள். பத்தாவது சிட்டிங்கில் தோடு அடகுக்குப் போகிறது. பதினைந்தாவதில் குழுக்கடன் தவணை தவறுகிறது. அத்தோடு நின்றுவிடுகிறார்கள். பாதியில் நிறுத்திய பிசியோதெரபியால் கை முழுதாக எழும்புவதில்லை. கொடுத்த பணமும் வீண், உடம்பும் வீண். பிறகு ஊர் சொல்கிறது: 'அவங்க சரியா வரல, படிப்பறிவு இல்லாத ஜனங்க.' நின்று போனதற்குக் காரணம் மொத்தத் தொகையை யாரும் சொல்லாததுதான் என்பதை ஒருவரும் சொல்வதில்லை.

தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2021-22இல் இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் நேரடியாகத் தம் கையிலிருந்து கொடுத்தது. 2013-14இல் இது 64.2 சதவீதமாக இருந்தது. குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சராசரிக் கணக்கு என்பது எல்லோருடைய செலவையும் ஒரே பானையில் கொட்டிக் கலக்குவது. மாதச் சம்பளக்காரர் கொடுக்கும் 39 ரூபாயும் அன்றாடக் கூலி கொடுக்கும் 39 ரூபாயும் அதில் ஒன்றாகவே தெரியும்.

ஏன் கேட்பதில்லை?

'மொத்தம் எவ்ளோ ஆவும் சார்?' என்ற நான்கு சொல்லைக் கேட்க ஏன் நம் மக்கள் தயங்குகிறார்கள்? பயம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பணத்தைப் பற்றிக் கேட்டால் 'இவனிடம் பணம் இல்லை' என்று முடிவு கட்டிவிடுவார்கள். பணம் இல்லை என்றால் கவனிப்பு குறையும். முகவரிச் சீட்டில் காலனித் தெரு என்று எழுதியதைப் பார்த்ததும் 'உங்களால முடியுமாம்மா?' என்று எதிர்க்கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு மானத்தோடு பதில் சொல்ல ஒரே வழி, 'முடியும், நீங்க பாருங்க' என்பதுதான். அந்த நொடியில் விலை பேசும் வாய்ப்பு போய்விடுகிறது. காய்கறிக்காரரிடம் அரை மணி நேரம் பேரம் பேசும் அம்மா, மருத்துவமனைக் கவுண்டரில் வாய் திறக்காமல் முந்தானையை அவிழ்க்கிறார்.

அம்பேத்கர் 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற தன் வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு கடிதத்தை எடுத்துத் தந்திருக்கிறார். 1929 டிசம்பர் 12ஆம் தேதியிட்ட 'யங் இந்தியா' இதழில் வந்த கடிதம். எழுதியவர் கத்தியவாரில் பணியாற்றிய தலித் ஆசிரியர். அவருடைய மனைவி குழந்தை பெற்ற இரண்டாம் நாள் நோயில் விழுந்தார். மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். ஊர்ப் பெரியவர் தலையிட்டு, இரண்டு ரூபாய் கட்டணம் பேசி, நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் வந்தார். வெப்பமானியைக்கூட நேராகத் தரவில்லை. ஒரு முஸ்லிம் கையில் கொடுத்து, அவர் கணவரிடம் கொடுத்து, கணவர் மனைவியிடம் கொடுத்தார். நிமோனியா என்றார். நோய் முற்றியபோது மறுபடி வரவில்லை. அந்தப் பெண் இறந்துபோனார்.

அங்கே கட்டணம் எவ்வளவு என்பது தெரிந்தே இருந்தது, தொடத்தான் கை வரவில்லை. இன்று பெரும்பாலான மருத்துவர்கள் தொட்டுப் பார்க்கிறார்கள், கட்டணத்தைத்தான் சொல்வதில்லை. இரண்டும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 'இந்த ஜனங்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை' என்ற நினைப்பு எந்தப் பழக்கத்திலிருந்து வருகிறது என்று யோசித்தால், இரண்டுக்கும் நடுவில் ஒரு தடம் இருப்பது தெரியும். டவுன் அலுவலர் ஒருவர் வந்தால் உட்கார வைத்து, பேக்கேஜ் என்ன, தள்ளுபடி என்ன என்று அதே கவுண்டரில் சொல்வதை வரிசையில் நிற்கும் நாம் பார்க்கிறோம்.

அமெரிக்காவில் ஒரு விதி

மருத்துவச் செலவில் அமெரிக்காவை யாரும் முன்மாதிரியாகச் சொல்ல மாட்டார்கள். அங்கே ஆம்புலன்ஸ் ஏறவே மக்கள் அஞ்சுகிறார்கள். அந்த நாட்டிலேயேகூட பில் அதிர்ச்சி தாங்காமல் 2020 இறுதியில் 'நோ சர்ப்ரைசஸ்' சட்டம் கொண்டுவந்தார்கள். 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. காப்பீடு இல்லாதவர், காப்பீடு இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் கைக்காசில் செலவழிப்பவர், இந்த இருவருக்கும் சிகிச்சைக்கு முன்பே செலவு மதிப்பீட்டை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். நோயாளி கேட்டால் 3 வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். நாள் குறித்து வருபவருக்கு, அவர் கேட்காவிட்டாலும் கொடுக்க வேண்டும். இந்த உரிமை உங்களுக்கு உண்டு என்ற அறிவிப்பையும் கிளினிக்கில் ஒட்டி வைக்க வேண்டும்.

நமக்கு முக்கியமான பகுதி இனிதான் வருகிறது. மனநல ஆலோசனை, பிசியோதெரபி போலத் திரும்பத் திரும்ப வர வேண்டிய சிகிச்சைக்கு ஒவ்வொரு முறையும் தனித்தனிச் சீட்டு தேவையில்லை. எத்தனை முறை வர வேண்டியிருக்கும், ஒரு முறைக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று 12 மாதம் வரைக்கும் ஒரே மதிப்பீட்டில் எழுதிக் கொடுக்கலாம். பில் அந்த மதிப்பீட்டைவிட 400 டாலர் அல்லது அதற்கு மேல் கூடினால் நோயாளி 120 நாளுக்குள் முறையிடலாம். அதற்குக் கட்டணம் 25 டாலர். நடுவர் ஒருவர் இரண்டு காகிதத்தையும் வைத்துப் பார்த்து எது சரி என்று முடிவு சொல்வார். சிகிச்சைக் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மருத்துவர் தன் விலையைத் தானே வைத்துக்கொள்ளலாம். முன்னால் சொல்ல வேண்டும், சொன்னதற்கு ரொம்ப மேலே போகக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு தெரபிஸ்ட் எட்டு சிட்டிங் என்று எழுதி, நோயாளிக்குப் பன்னிரண்டு தேவைப்பட்டால்? புதிய மதிப்பீடு கொடுத்துவிட்டுத் தொடரலாம். ஆக, 'உடம்பு விஷயத்தில் முன்கூட்டி எப்படிச் சொல்வது' என்ற கேள்விக்கு அங்கே ஒரு நடைமுறை விடை கிடைத்துவிட்டது.

நம்மிடம் என்ன இருக்கிறது?

நம்மிடம் சட்டமே இல்லை என்று நினைக்க வேண்டாம். நிறைய இருக்கிறது, சிதறிக் கிடக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளில், மருத்துவர் தன் கட்டணத்தைச் சிகிச்சைக்கு முன்பே அறிவிக்க வேண்டும், சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது சொல்லக் கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது. கட்டணத்தைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. 2023இல் புதிய விதிகள் வந்தன, வந்த மாதமே நிறுத்தி வைக்கப்பட்டன, பழைய 2002 விதிகளே திரும்பி வந்தன.

ஒன்றிய அரசின் 2010ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் 2012இல் வந்த விதிகளும், கட்டணத்தை உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் காட்சிக்கு வைக்கச் சொல்கின்றன. கட்டணத்துக்கு ஒரு வரம்பை ஒன்றிய அரசு மாநிலங்களோடு கலந்து நிர்ணயிக்க வேண்டும் என்பது அதே விதியின் அடுத்த பகுதி. பன்னிரண்டு ஆண்டாகியும் அதைச் செய்யவில்லையே என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசைக் கடிந்துகொண்டது. தமிழ்நாடு அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. நமக்கு 1997ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. அதற்கான விதிகள் வந்தது 2018இல். சட்டம் பிறந்து விதி பிறக்க இருபது ஆண்டுக்கு மேல் ஆனது என்றால், ஏழையின் பில் எவ்வளவு அவசரமான விஷயமாகக் கருதப்பட்டது என்று தெரிகிறது.

தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமை சாசனத்தை நிறைவேற்றுமாறு ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2019இல் மாநிலங்களுக்கு எழுதியது. கட்டண வெளிப்படைத்தன்மை அதில் ஓர் உரிமை. சாதி, மத, பால் பாகுபாடு இல்லாத சிகிச்சை இன்னொன்று. மருந்தையும் பரிசோதனையையும் விருப்பமான இடத்தில் வாங்கும் உரிமை, பில்லை இனவாரியாகப் பெறும் உரிமை, பணம் பாக்கி என்று நோயாளியையோ உடலையோ பிடித்து வைக்காத உரிமை எல்லாம் இருக்கின்றன. ஆனால் சாசனம் என்பது பலகையில் எழுதுகிற அளவில் நிற்பது. மீறினால் என்ன தண்டனை என்று அதில் இல்லை.

மேற்கு வங்கம் ஒருபடி மேலே போனது. அங்கே 2017இல் வந்த சட்டம், நிர்ணயித்த கட்டணத்துக்குள் வராத சிகிச்சைக்கு முன்மதிப்பீடு தர வேண்டும் என்கிறது. இறுதி பில் அந்த மதிப்பீட்டைக் குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் தாண்டக் கூடாது என்கிறது. புகார் கேட்க ஓர் ஆணையம் வைத்திருக்கிறார்கள், கூடுதலாக வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அது உத்தரவும் போடுகிறது. சமூகநீதி மாநிலம் என்று நாம் மார்தட்டிக்கொள்ளும் தமிழ்நாட்டில் இப்படி ஓர் ஆணையம் ஏன் இல்லை என்பதைச் சட்டமன்ற உறுப்பினர்களிடம்தான் கேட்க வேண்டும்.

தெரபி விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. 2002 விதிகள் மருத்துவர்களுக்கானவை. பிசியோதெரபிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்புப் பயிற்றுநர், உளவியல் ஆலோசகர் ஆகியோரை அவை கட்டுப்படுத்தாது. ஸ்பீச் தெரபிஸ்ட்டும் மருத்துவ உளவியலாளரும் சிறப்புப் பயிற்றுநரும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட்டுகளையும் உள்ளடக்கிய ஒரு சட்டம் 2021இல் வந்தது. ஆகவே பதிவு எண் என்ன என்று கேட்பது நம் உரிமை. எண் சொல்லத் தயங்குபவரிடம் குழந்தையை ஒப்படைக்காதீர்கள்.

இவர்கள் எல்லோரையும் ஒருசேரக் கட்டுவது நுகர்வோர் சட்டம் ஒன்றுதான். காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கும் சேவையின் விலையை அறிவது நுகர்வோரின் உரிமை. பில் தர மறுப்பது நேர்மையற்ற வணிகம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 1987ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தந்திருக்கிறது. நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சாதிச் சான்றிதழ் நகலோடு போனால் போதும். தொலைபேசி எண் 15100.

மருத்துவர்கள் சொல்வது

சிறு கிளினிக் நடத்துபவர்கள் தங்கள் பக்கத்தைச் சொல்வார்கள். வாடகை, மின்சாரம், ஆள் சம்பளம் ஏறுகிறது, எழுதிக் கொடுத்தால் அதையே பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருவார்கள் என்பார்கள். கிராமத்துக்கு வந்து உட்காரும் தெரபிஸ்ட்டே குறைவு, அவரையும் விரட்டலாமா என்ற கேள்வியிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மதிப்பீடு வேறு, நிலையான விலை வேறு. வீடு கட்டும் மேஸ்திரி சதுர அடிக்கு இவ்வளவு, சிமெண்ட் விலை ஏறினால் கூடும் என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார். 'பன்னிரண்டு சிட்டிங்கில் கையைத் தலைக்கு மேல் தூக்க வைக்கப் பார்ப்போம், முடியாவிட்டால் அப்போது பேசுவோம்' என்று ஒரு தெரபிஸ்ட்டால் சொல்ல முடியாதா? சொல்ல முடியும். நல்ல தெரபிஸ்ட்டுகள் சொல்லவும் செய்கிறார்கள். இலக்கு இல்லாமல் சிட்டிங்கை நீட்டிக்கொண்டே போகிறவர்களுக்குத்தான் இந்தத் தாள் இடைஞ்சல்.

குடிமீட்பு மையங்கள்

தனியாகச் சொல்ல வேண்டியது இது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இறந்தவர்களில் பெரும்பகுதி தலித் கூலித் தொழிலாளர்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்திலும் இதே கதை. அதன் பிறகு எத்தனையோ வீடுகளில் மனைவிமார், 'எப்படியாவது இவரைக் கொண்டுபோய் விட்டுடலாம்' என்று தனியார் மீட்பு மையங்களின் பெயரை விசாரிக்கிறார்கள். மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை சொல்லப்படும். சேர்த்த பிறகு மாத்திரை தனி, ரத்தப் பரிசோதனை தனி, அழைத்துவந்த வண்டிக்குத் தனி. இன்னும் எத்தனை மாதம் என்று கேட்டால் 'அவர் ஒத்துழைப்பைப் பொறுத்தது'. வீட்டுக்காரர் உள்ளே இருக்கும்போது வெளியே இருப்பவர் எப்படிப் பேரம் பேசுவார்? எழுத்தில் முன்மதிப்பீடு வாங்குவது வேறெங்கும்விட இங்கேதான் மிக அவசியம்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடிப்பழக்கத்தோடு தொடர்புள்ள மனநோய்களும் அடங்கும். பதிவு இல்லாமல் இப்படி ஒரு மையத்தை நடத்தக் கூடாது. சாதி உட்பட எந்தப் பாகுபாடும் இல்லாமல் சிகிச்சை பெறுவது உரிமை என்கிறது அதன் 18ஆவது பிரிவு. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு, அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு மையங்களில் இலவசம். குறைந்தபட்ச மனநலச் சேவைகள் மாவட்டத்தில் கிடைக்காவிட்டால், அதே மாவட்டத்தில் வேறு இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொள்ளலாம், செலவை அரசு ஏற்க வேண்டும் என்றுகூட அந்தப் பிரிவில் இருக்கிறது. இதை வைத்து நம் மாவட்டத்தில் ஒரு குடும்பமாவது மனு எழுதியிருக்குமா என்பது சந்தேகமே. அரசு மருத்துவமனைகளில் 2025இல் 'கலங்கரை' என்ற பெயரில் மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டன. தனியாரிடம் போகுமுன் அங்கே ஒரு நடை நடக்கலாம். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

இலவசமாகக் கிடைப்பதைச் சொல்லாமல் விடுவதும் ஒருவகை மறைப்புதான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வர வேண்டும். உங்கள் காலனிக்கு வருகிறாரா, ஊர்த் தெருவோடு திரும்பிவிடுகிறாரா என்று சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் ஸ்பீச் தெரபி கிடைக்கும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 'நிராமயா' என்ற காப்பீடு இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தரும் அந்தத் திட்டத்தில் தெரபிச் செலவும் சேரும். ஆனால் முதலில் நாம் கட்டிவிட்டுப் பிறகு பில்லைக் காட்டித்தான் பணத்தைத் திரும்பப் பெற வேண்டும். துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் கிறுக்கிக் கொடுக்கும் கிளினிக்குகளால் எத்தனை குழந்தைகள் இந்தப் பணத்தை இழக்கின்றன என்று யோசியுங்கள். அங்கே பில் கேட்பது சண்டைக்கு அல்ல, குழந்தையின் அடுத்த மாதச் சிகிச்சைக்கு.

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. அப்பாவையோ பாட்டியையோ அழைத்துக்கொண்டு போகும்போது நோட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள். என்ன சிகிச்சை, ஏறத்தாழ எத்தனை முறை வர வேண்டும், ஒரு முறைக்கு எவ்வளவு, அதற்குள் அடங்காதது என்னென்ன, எத்தனை முறைக்குப் பிறகு முன்னேற்றத்தைப் பார்த்து முடிவு செய்வோம் என்று எழுதி, 'இதைக் கொஞ்சம் நிரப்பிக் கொடுங்க மேடம்' என்று கேளுங்கள். கோபப்படாமல், தலை குனியாமல் கேளுங்கள். தேதியும் முத்திரையும் இருக்கட்டும். எழுதித் தர மறுத்தால், அவர்கள் வாயால் சொன்னதை அங்கேயே அவர்கள் எதிரில் எழுதிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் எண் இருந்தால் அதையே படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பி, 'நீங்கள் சொன்னது இதுதானே' என்று கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் தேதி நின்றுவிடும்.

பில் அதைத் தாண்டிப் போனால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மருத்துவர் மீது என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். மருத்துவமனை மீது என்றால் மருத்துவ மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும் அங்கேதான் போய்ச் சேரும், ரசீதை மறக்காமல் வாங்குங்கள். சாதியைச் சொல்லி மருத்துவமனைக்குள் நுழைய விடாமல் தடுத்தார்கள் என்றால் அது கட்டணப் புகார் அல்ல. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அது குற்றம், போக வேண்டிய இடம் காவல் நிலையம்.

இணை இயக்குநர் அலுவலகத்தில் இன்னொரு வேலையும் உண்டு. பத்து ரூபாய்க்கு ஒரு தகவல் உரிமை மனு போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு அதுவும் வேண்டாம். மாவட்டத்தில் பதிவு பெற்ற தனியார் மருத்துவமனைகள், கிளினிக்குகள் எத்தனை, அவற்றில் கட்டணப் பலகை இருக்கிறதா என்று கடந்த ஓராண்டில் நேரில் போய்ப் பார்த்தது எத்தனை இடத்தில், வந்த கட்டணப் புகார்கள் எத்தனை, எடுத்த நடவடிக்கை என்ன என்று கேட்கலாம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். வரும் பதிலை அடுத்த கிராம சபையில் படித்துக் காட்டுங்கள். எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், இந்தப் பக்கத்தில் வெளியிடுகிறோம்.